சூடு தெரியாத கை

சிவப்பு ஜெலட்டின் தாளை என் தம்பியின் கைகள் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, விளிம்பை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டிருந்தான். கோடு பிசகவில்லை. கத்தரி மட்டும் அவனுடையதில்லை. அவன் மனைவி முடி வெட்டும் கத்தரி அது. தாள் வெட்டினால் அதன் கூர் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் கைக்குக் கிடைத்ததை எடுப்பான், வேலை முடிந்ததும் கிடந்த இடத்தில் போடுவான், கேட்டால் சிரிப்பான். அறுபதை நெருங்குகிறவனை இனி யார் திருத்துவது?

மேசையின் மறுமுனையில் மேடை விளக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. வண்ணம் உரிந்த கறுப்புத் தகரக் கூடு, சோற்றுப்பானை அகலத்துக்கு வாய். அரங்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"என்னடா இது? எந்த நாடகத்துக்கு?" என்று கேட்டேன்.

"நாடகம் இல்லக்கா, வைத்தியம். இனிமே அந்த கிளினிக்குக்கு பஸ் மாறி பஸ் மாறிப் போற வேலையே இல்ல. வீட்டுலயே லைட்டு குடுக்கப் போறேன்."

"யாருக்கு?"

"யாருக்கா? எதிர் வீட்டுக்காரிக்கா குடுப்பேன்? என் பொண்டாட்டிக்குத்தான்."

அந்தப் பொண்டாட்டி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வலது கை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. எனக்கு இடது கையால் தேநீர் நீட்டினாள். கத்தரியை ஒரு முறை பார்த்தாள்.

என் தம்பியை எல்லோரும் 'லைட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் அட்டையில் இருக்கிறது. படிப்பு ஏறாமல் நாடக அரங்கத்தில் விளக்கு வேலைக்குப் போனான். எரிந்து அணைந்த விளக்கை அங்கே மற்றவர்கள் துணி சுற்றிப் பிடிப்பார்கள், உறை மாட்டிப் பிடிப்பார்கள். இவன் ஒரு நாள் அவசரத்தில் வெறுங்கையால் பிடித்திருக்கிறான். "ஐயோ, சுடலையா?" என்று நடிகை ஒருத்தி கேட்டாளாம். அவ்வளவுதான். அன்றோடு துணியைத் தொடுவதை விட்டான். உள்ளங்கை வெந்தது, உரிந்தது, காய்த்தது, மறுபடியும் வெந்தது. இப்போது தொட்டுப் பார்த்தால் செருப்பின் அடித்தோல் போல இருக்கும். கை கெட்டுப்போனதை அவன் திறமை என்று எடுத்துக்கொண்டான். விருந்து வீடுகளில் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி இறக்கி வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, நாலு பக்கமும் பார்ப்பான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். மாநாட்டுக்கு வந்த மந்திரி தோற்றான்.

மேடையில் அவன் மோசமில்லை. அழுகைக்கு நீலம், கொலைக்குச் சிவப்பு, காதலுக்கு மஞ்சள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறான், அதை விட்டு அசையமாட்டான். பார்க்கிறவர்களுக்கும் அது போதும். அதோடு நின்றிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. வெளிச்சம் என்று எதில் இருந்தாலும் தனக்குத்தான் அதிகாரம் என்று நினைப்பவன் அவன். கண் டாக்டர் டார்ச்சைத் தப்பான கோணத்தில் பிடிக்கிறார் என்று அவரிடமே சொன்னவன். என் வீட்டுக் குளிர்பெட்டியில் விளக்கு எரியவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிரித்துப் போட்டான். விளக்கு எரிந்தது, குளிர் நின்றது. "லைட்டு எரியுதா இல்லையா, அத சொல்லு" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மனைவிக்கு மார்பில் கட்டி வந்தபோதும் இதே ஆள்தான். அறுவை நடந்தது, பிறகு கதிர்வீச்சு. கதிர்வீச்சு அறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிற வருகிறவர்களிடமெல்லாம், "இதுவும் ஒரு லைட்டுதாங்க, ஆங்கிள்தான் முக்கியம்" என்று விளக்கம் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். வாந்தி வாளியை மட்டும் அவன் ஒரு நாளும் தொடவில்லை. அது என் வேலை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி எடுத்து, வார்டுகளிலும் வீடுகளிலுமாக வேலை செய்து ஓய்ந்தவள் நான். வாளி எனக்குப் புதிதில்லை. வாளியைத் தாண்டி நின்று வாய் கிழியப் பேசுகிற கணவன்மார்களும் புதிதில்லை. அதில் ஒருத்தன் கூடப்பிறந்தவனாக வாய்த்ததுதான் புதிது.

கதிர்வீச்சு முடிந்த அன்று பழம் வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் வந்தார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, இனி ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, வாங்கி வந்த பழத்தில் பாதியைத் தாங்களே தின்றுவிட்டுப் போனார்கள். ஒன்றுமில்லாமல் இல்லை. கதிர் பட்ட இடத்தில் தோலும் அதன் அடியில் உள்ள சதையும் மாதங்கள் கழித்து இறுக ஆரம்பிக்கும். வெட்டுக்காயத் தழும்பு பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். இது உள்ளே பரவும். அவளுக்கு மார்பிலிருந்து அக்குள் வழியாக முதுகுப்பக்கம் வரை கயிறு கட்டி இழுத்தாற்போல் ஆகிவிட்டது. தொட்டால் பலகை. வலது கை தோள் உயரத்துக்கு வர மறுத்தது.

வேறு வேலை பார்க்கிறவளாக இருந்தால் சமாளித்திருப்பாள். அவள் பார்லரில் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். கையைத் தூக்காமல் எவள் தலையில் சீப்பு வைப்பது? குழந்தைகள் உட்காரும் குட்டை முக்காலியில் வாடிக்கைக்காரிகளை உட்கார வைத்து வெட்டிப் பார்த்தாள். பார்லர்க்காரி நல்லவள்தான். ஆனால் கடை நடத்துகிறவள்.

"அக்கா, முழங்கால் வந்து மோவாய்ல இடிக்குதுன்னு சொல்றாங்க" என்று தம்பி மனைவியிடம் சொன்னாளாம். "உங்க நாற்காலியில வேற ஆள் போடல. வெச்சிருக்கேன். ஆனா ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது, பாத்துக்குங்க."

இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. "அந்த நாற்காலி போச்சுன்னா, அண்ணி, நான் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உங்க தம்பி பேச்சக் கேட்டுக்கிட்டு வீட்டுல உக்காரணும்" என்றாள். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

மருத்துவமனை டாக்டர் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார். நான்தான் கூட்டிப் போனேன். அங்கே கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி. கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் தானும் மாட்டி, இவளுக்கும் மாட்டிவிட்டு, கைக்குள் அடங்குகிற லேசர் கருவி ஒன்றைத் தழும்பின் மேல் அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஓரிடம், பிறகு அதற்கு அடுத்த இடம். தழும்பு போகிற பாதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு போனாள். சூடு இல்லை, வலி இல்லை, ஓசைகூடப் பெரிதாக இல்லை.

"இது மந்திரம் இல்லம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "சிலருக்கு நல்லா இளகும். சிலருக்குப் பெரிசா மாத்தம் தெரியாது. லைட்டு கொஞ்சம் இளக்கிக் குடுக்கும், மிச்சத்த நீங்கதான் இழுத்து நீட்டணும். அத செய்யலன்னா இங்க வர்றதே வீண்."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. வாக்குக் கொடுக்காத வைத்தியர்களை நான் நம்புவேன்.

இழுத்து நீட்டுவது என்றால் இதுதான். சுவர் ஓரமாக நின்று, விரல்களை நண்டு போல மேலே ஊர விட வேண்டும். முடிகிற உயரம் வரை போய், அங்கே மூச்சு விட்டு நின்று, மெதுவாக இறங்க வேண்டும். வீட்டில் படுக்கையறைச் சுவரில் அவள் இதைச் செய்தாள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. வாரங்கள் போகப் போகக் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு விரல் அகலம் இருந்தால் அது நல்ல வாரம். அக்குள் ஓரத்தில் தோல் கிள்ளினால் மடியும் அளவுக்கு வந்தது. அதற்கு முன் மடியவே மடியாது. நான் அனாவசியமாகச் சந்தோஷப்படுகிறவள் இல்லை. ஆனாலும் அந்தச் சுவரைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

லைட்டு அந்த கிளினிக்குக்கு ஒரே ஒரு முறை வந்தான். அதுவும் அரங்கத்தில் வேலை இல்லாத நாள் என்பதால். உள்ளே நுழைந்ததும் முதலில் கூரையைப் பார்த்தான். எங்கே போனாலும் அப்படித்தான். மனிதர்களை அப்புறம்தான் பார்ப்பான். பிறகு அந்தப் பெண் கருவியை வைத்து எடுத்தபோது, கேட்காமல் கொள்ளாமல் தன் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினான்.

"என்னம்மா, இதுல சூடே இல்லையே?"

"கைய எடுங்க. சூடு இருக்கக்கூடாதுங்க. இது சூடு குடுக்கற வைத்தியம் இல்ல."

"உள்ள என்ன லைட்டு?"

"சிவப்பு இருக்கு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் இருக்கு."

"அகச்சிவப்பா!" அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "அகச்சிவப்புன்னாலே சூடுதாம்மா. நான் பொறந்ததுலேருந்து லைட்டுலயே இருக்கேன். எனக்கேவா?"

"அளவு வேற, வகை வேறங்க. மேடை லைட்டு வேற, இது வேற."

"லைட்டு லைட்டுதான்" என்றான்.

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் கேட்கும்படி சொன்னான்: "டார்ச்சக் காட்டி ஏமாத்துறாங்க. சூடே இல்லாத வெளிச்சம் சதைக்குள்ள எப்படி இறங்கும்? வெந்நீர் ஒத்தடம் குடுத்தா இளகுது, அது சூட்டாலதானே? எங்கிட்ட விடு. சிவப்புத் தாள் போட்டு, சரியான சூட்டுல நான் இறக்குறேன்."

அன்று வாயில் வந்த நினைப்புதான் இன்று சாப்பாட்டு மேசையில் வட்டமாக வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

நான் தேநீரைக் கீழே வைத்தேன். "இங்க பாரு. கதிர் பட்ட தோலு அது. நம்ம தோலு மாதிரி சூடு தாங்காது. புண்ணாச்சுன்னா சீக்கிரத்துல ஆறாது. அந்தப் பொண்ணுகிட்ட கேக்காம பிளக்க சொருகாதே."

"சரிக்கா, சரிக்கா."

"நீயும் கேட்டுக்கோம்மா. அவன் கூப்பிட்டாலும் படுக்காதே."

"சரி அண்ணி."

இருவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்த வீட்டை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல். அவள் என் வீட்டுக்குத் தனியாக வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணி, இந்தப் பக்கம் சட்டை நனைஞ்சுக்கிட்டே இருக்கு. வேர்வையா என்னன்னு கொஞ்சம் பாருங்க."

வெளிச்சத்தில் நிற்க வைத்துச் சட்டையை விலக்கினேன். அக்குளுக்குக் கீழே, கொஞ்சம் பின்பக்கமாக, அவள் கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாத இடத்தில் கொப்புளம் கிளம்பி உடைந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கழன்று, அடியில் ஈரச் சிவப்பு. கிட்டத்தட்ட வட்டம். தட்டைக் கவிழ்த்துக் கோடு போட்ட வட்டம் என் கண் முன்னால் வந்தது.

"எரியலையா உனக்கு?"

"எப்படி எரியும் அண்ணி? அந்த இடத்துல ஆபரேஷன்லேருந்தே எனக்கு உணர்ச்சி கிடையாதே. கிள்ளினாலும் தெரியாது."

"லைட்டு போட்டானா?"

தலையாட்டினாள்.

"சூடு பாத்தானா, இல்ல அதுவும் இல்லையா?"

"பாத்தாரு அண்ணி. ஒவ்வொரு தடவையும் மொதல்ல தன் கைய வெச்சுப் பாப்பாரு. 'இதமா இருக்கு, படு'ன்னு சொல்லுவாரு."

கையாம், கை. கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்குகிற கை. அதற்கு இதமாக இருந்ததாம். சுடுகிறது என்று சொல்ல வேண்டிய தோல் இவளுக்குச் செத்துக்கிடக்கிறது. சுடுகிறதா என்று பார்க்க வந்தவனுக்குக் கை செத்துக்கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மேடை விளக்கு. வார்டில் எத்தனையோ மடத்தனம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அக்கறையாகச் செய்த மடத்தனத்தைப் பார்த்ததில்லை.

"ஏம்மா படுத்தே? நான் சொல்லிட்டுத்தானே போனேன்?"

"நான் நோவுல விழுந்த நாள்லேருந்து அவரு எனக்காக உக்காந்து செஞ்சது இது ஒண்ணுதான் அண்ணி. பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. வேணாம்னு சொல்ல வாய் வரல."

கையைக் கழுவிக்கொண்டு, சுத்தமான தண்ணீரால் புண்ணை அலசி, ஒட்டாத துணியைப் போட்டு மூடினேன். களிம்பு எதுவும் தடவவில்லை. கிளினிக்குக்குப் போன் செய்தேன். காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார்கள். பிறகு அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

படுக்கையறைச் சுவரைப் பார்த்து அவளாகவே நின்றாள். "எவ்வளவு போகுதுன்னு பாக்கறேன்" என்றாள். விரல்கள் ஊர்ந்தன. மேல் கோட்டை எட்டவில்லை. அதற்குக் கீழ்க் கோட்டையும் எட்டவில்லை. கட்டுப் போட்ட இடம் இழுக்கிறதோ என்று நான் தடுத்தேன். கையை இறக்கிவிட்டு, மேலே இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்ற மாசம் நாற்காலிக்கு வந்துடறேன்னு சொல்லியிருந்தேன் அண்ணி" என்றாள்.

அவன் வரும்வரை காத்திருந்தேன். பொழுது சாயும் நேரத்துக்கு வந்தான். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"டேய், அந்த லைட்டப் போட்டுக் காட்டு" என்றேன்.

"பாத்தியா, உனக்கே ஆசை வந்திருச்சு!" அவனுக்கு ஒரே குஷி. மேசை மேல் விளக்கைத் தூக்கி வைத்தான். தாளைச் சரிசெய்தான். அறை விளக்கை அணைத்தான். அவன் வாழ்க்கையில் எது நடந்தாலும் முதலில் அறை விளக்கு அணைய வேண்டும். சிவப்பு வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்தது. "கலரப் பாரு, எவ்வளவு சுத்தமா விழுது."

"இப்ப அவளுக்கு எவ்வளவு தூரத்துல வெப்பியோ, அங்க உன் கைய வை."

உள்ளங்கையை நீட்டினான். "இதமா இருக்கு."

"கையத் திருப்பு. உள்ளங்கை வேணாம். முழங்கை மடிப்பு இருக்கு பாரு, அந்த மெத்துன்னு இருக்கற இடம், அத வை. அவ படுத்திருந்த நேரம் வரைக்கும் எடுக்கக்கூடாது."

"எதுக்குக்கா?"

"பச்சப்புள்ளயக் குளிப்பாட்டத் தண்ணிச் சூட்ட எதால பாப்பாங்க? உள்ளங்கையாலயா? உன் பொண்ண ஒரு நாளாவது குளிப்பாட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். வைடா."

வைத்தான். முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். கொஞ்ச நேரத்தில் விறைப்பு கலைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில், "ஆ!" என்று கையை வெடுக்கென்று இழுத்தான். மேசை மேல் இருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டது.

"என்ன, இதமா இருக்கா?"

அவன் முழங்கையை ஊதிக்கொண்டிருந்தான். நான் அறை விளக்கைப் போட்டேன். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, கட்டின் ஓரத்தைத் தூக்கிப் புண்ணைக் காட்டினேன். பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஒரு கணம், மனுஷனாக ஏதாவது சொல்லப்போகிறான் என்று நான்கூட நினைத்தேன்.

"அக்கா, இது நம்ம லைட்டுல வந்திருக்காது" என்றான்.

"பின்ன?"

"கிளினிக் மெஷின்ல வந்திருக்கும். அதுலதானே லேசர் இருக்கு? லேசர் இரும்பையே வெட்டும்." சொல்லச் சொல்ல அவனுக்கே அது பிடித்துப்போனது. குரல் ஏறியது. "ஆமா, அதான். நாளைக்குப் போய் நேராக் கேட்டுடுவோம். மெஷின்ல சுட்டுட்டீங்கன்னு. அந்தப் பொண்ணுக்கு அனுபவம் பத்தாதுன்னு அன்னிக்கே எனக்குத் தோணிச்சு. மேல இருக்கறவங்ககிட்ட சொன்னா..."

சொன்னால் அந்தப் பெண்ணின் வேலை போகும். இவளுக்கு அந்த வாசல் மூடிவிடும். இவன் மட்டும் நிமிர்ந்து நடப்பான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மேசைக்கு வந்துவிட்டாள்.

தாள் துண்டுகளுக்கு நடுவே கிடந்த கத்தரியை இடது கையால் எடுத்தாள். தன் பின்னலின் நுனியில் நாலு முடியைப் பிடித்துக் கத்தரியை வைத்தாள். முடி வெட்டுப்படவில்லை. மடிந்து நழுவியது.

"இதுலயா தாள் வெட்டினீங்க?"

"ஒரே ஒரு தாள்தான்..."

"நாளைக்கு அந்தப் பொண்ணு கேட்டா நான் நடந்தத நடந்தபடி சொல்லுவேன்."

"ஏய், நான் சொல்றதக் கேளு. நம்ம மானம்..."

"அவ புண்ணியத்துல என் கை கொஞ்சம் மேல போச்சு. உங்க புண்ணியத்துல கீழ வந்துருச்சு. அவ மேல பழி போட்டுட்டு அப்புறம் நான் யாருகிட்ட கைய நீட்டுவேன்? உங்ககிட்டயா?" குரல் உயரவே இல்லை. "மானத்துக்கு வேணும்னா வேற கலர் தாள் போட்டுக்குங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"உனக்காகத்தானே செஞ்சேன்" என்றான். உண்மையும் அதுதான். அதனால் எனக்கு அவன் மேல் இன்னும் எரிச்சல் வந்தது.

"எனக்காகன்னா, அடுப்படியில பாத்திரம் கெடக்கு. கட்டோட கைய ஆட்டித் தேய்க்க இப்ப என்னால முடியாது. கழுவிட்டுப் படுங்க."

அவன் என்னைப் பார்த்தான். சிறு வயதில் அடி விழும்போதும் இப்படித்தான் பார்ப்பான், அக்கா குறுக்கே வருவாள் என்று. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கழுவினானா இல்லையா என்று நின்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை போனபோது பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எடுத்துப் பார்த்தேன். சோப்பு சரியாகப் போகவில்லை. விளக்கைக் காணோம். மேசை மேல் இருந்த தாள் துண்டுகளையும் காணோம். அவன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். யாரும் வா என்று சொல்லவில்லை. பஸ்ஸில் எங்களுக்குப் பின்னால் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

கிளினிக்கில் அந்தப் பெண் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"இது எப்படிம்மா ஆச்சு?"

லைட்டு கூரையை அண்ணாந்து பார்த்தான். "இந்த டியூப் லைட்டு துடிச்சுக்கிட்டே இருக்கே. ஸ்டார்ட்டர் போயிருக்கும்" என்றான்.

"வீட்டுல இவரு மேடை லைட்டுல சிவப்புத் தாள் போட்டுக் குடுத்தாரு" என்றாள் அவள். "வேணாம்னு அண்ணி சொன்னாங்க. நான் கேக்காம படுத்தேன். அந்த இடத்துல எனக்கு உணர்ச்சி இல்ல. உங்க மெஷினால வந்ததில்ல."

அந்தப் பெண் திட்டவில்லை. அவனைப் பார்க்கக்கூட இல்லை. மருத்துவமனை டாக்டருக்குப் போன் செய்து, அன்றைக்கே புண்ணைக் காட்ட நேரம் வாங்கினாள். புதுக் கட்டுப் போட்டாள்.

"தோல் மூடற வரைக்கும் லைட்டு கிடையாதும்மா. கதிர் பட்ட தோலு, ஆற நாளாகும். எவ்வளவு நாள்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

"அதுக்குள்ள கை பழையபடி இறுகிடுமா?"

"சும்மா வெச்சிருந்தா இறுகும். புண்ண இழுக்காத மாதிரி நீட்டறதுக்கு வேற வழி இருக்கு. வாங்க, இப்பவே ஆரம்பிக்கலாம்."

"அந்த மெஷின நான் ஒரு தடவ பாக்கலாமா?" என்றான் லைட்டு.

"தொடாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

அவளைச் சுவர்ப்பக்கம் கூட்டிப்போய், முழங்கையை மடித்து வைத்து, விரல்களை வேறு கோணத்தில் ஊர விடக் கற்றுக்கொடுத்தாள். அதற்குள் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். ஏறிவிட்டான். துணி கிடையாது, உறை கிடையாது. டியூப் லைட் துடிப்பதை நிறுத்திச் சீராக எரிந்தது. கீழே இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, வழக்கம்போல நாலு பக்கமும் பார்த்தான். பார்க்க யாருக்கும் நேரமில்லை. நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் விரல்கள் மார்பு உயரத்தைத் தாண்டி, தயங்கி, இன்னும் ஒரு தடவை ஊர்ந்து நின்றன. அந்தப் பெண் அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். வீட்டுச் சுவரின் மேல் கோட்டை விட வெகு கீழே.

வெளியே வந்ததும் அவள் தன் பையைத் திறந்து, துணியில் சுற்றிய கத்தரியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"சாணை பிடிக்கக் குடுங்க. பிடிச்சதும் நேரா பார்லர்ல போய்க் குடுத்துட்டு வாங்க. என் நாற்காலியில யாரையும் போட வேணாம், முக்காலியிலயாவது நாளைக்கு வந்து வெட்டுறேன்னு சொன்னேன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

"நீ?"

"நானும் அண்ணியும் டாக்டரப் பாக்கப் போறோம்."

கத்தரியை வாங்கிக்கொண்டு போனான். எங்கள் பஸ் கடைத்தெருவைக் கடந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாணைக்காரர் குனிந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். என் தம்பி பக்கத்தில் நின்று, கத்தரியை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.